40,000 அடி உயரத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக் குளியல்

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் புதுசாக ஒட்டிய பொட்டோடு, என் மனைவி அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் வெந்நீர் பட்ட பளபளப்பு. "தலைக்கே குளிச்சுட்டேங்க" என்றாள். இதில் என்ன அதிசயம், வெள்ளிக்கிழமை என்றால் எல்லா வீட்டிலும் பெண்கள் தலைக்குக் குளிப்பதுதானே என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவள் குளித்துவிட்டு வந்த இடத்துக்குக் கீழே அட்லாண்டிக் சமுத்திரம் கிடந்தது. நடுவில் ஏறக்குறைய 40,000 அடிக்கு வெறும் காற்று. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தின் மாடியில், ஓசூர்க்காரி ஒருத்தி ஷாம்பூ போட்டுத் தலை அலசிவிட்டு வந்து நிற்கிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமாம், சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை, கலங்கிவிட்டது.

2024 பிப்ரவரி 2. அந்தத் தேதியை மறக்கவே மாட்டேன். பெங்களூரிலிருந்து துபாய், துபாயிலிருந்து நியூயார்க். இரண்டு விமானமும் எமிரேட்ஸின் ஏ380. இரண்டிலும் முதல் வகுப்பு. ஆளுக்குப் பல லட்ச ரூபாய் டிக்கெட். அதை நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை, மைல் கொடுத்து வாங்கினோம். அந்த மைலைச் சேர்த்த கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிச் சந்தோஷம் அதில்தான் இருக்கிறது.

எங்களுக்கு ஓசூர் சிப்காட்டில் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. இரண்டு லேத்தில் தொடங்கி, இன்றைக்கு ஆறு சிஎன்சி ஓடுகிறது. புஷ், பின், ஸ்பேசர் என்று வண்டிக்குள் கண்ணுக்கே தெரியாத இடத்தில் போய் உட்காரும் சாமான்கள்தான் எங்கள் பிழைப்பு. 1980-இல் டிவிஎஸ் 50 இந்த ஊரில் உருண்டோட ஆரம்பித்ததும், அதே காலத்தில் அசோக் லேலண்ட் இங்கே தொழிற்சாலை போட்டதும், பின்னால் டைட்டன் கடிகாரம் வந்ததும், எங்களைப் போன்ற நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகளுக்குச் சோறு போட்ட சமாசாரங்கள். கம்பி வாங்குவது, கார்பைடு இன்சர்ட் வாங்குவது, கூலண்ட் வாங்குவது, காலிபரேஷனுக்குக் கட்டுவது என்று மாதம் முழுக்கப் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். "எப்படியும் கொடுக்கிற பணம்தானே, கார்டில் கொடுங்கள், பாயின்ட் சேரும்" என்று எங்கள் ஆடிட்டர் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார். நான் காதிலேயே வாங்கவில்லை. வாங்கியவள் என் மனைவி.

பட்டறைக் கணக்கு அவள் கையில். நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். இன்றைக்கும் கணினியில் எல்லாம் இருந்தாலும் அந்த நோட்டில் ஏறாதது கணக்கே இல்லை. தேதி, யாருக்கு, எவ்வளவு, எதில் என்று நாலு கோடு போட்டிருந்தவள், வலது ஓரத்தில் பென்சிலால் ஐந்தாவது கோடு ஒன்று இழுத்து அதன் தலையில் 'மைல்' என்று எழுதினாள். கம்பிக்கு இவ்வளவு மைல், பையன் காலேஜ் பீஸுக்கு இவ்வளவு மைல், மளிகைக்கு இவ்வளவு மைல். வருஷக்கணக்கில் அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் எண்கள் ஏறிக்கொண்டே போயின. தவணைத் தேதி ஒரு நாள்கூடத் தவறவில்லை, வட்டி என்று ஒரு ரூபாய் கட்டவில்லை. அது ரொம்ப முக்கியம், வட்டி கட்டிச் சேர்க்கிற மைலுக்கு அர்த்தமே கிடையாது.

இந்த மைல் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிக்கடி பறக்கிற ஆளைத் தக்கவைக்க, பறந்த தூரத்துக்கு ஏற்ப மைல் கொடுத்து, அதை வைத்தே இன்னொரு டிக்கெட் எடுக்கவைப்பது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் ஆரம்பித்துவைத்த பழக்கம் உலகம் பூராவும் பரவி, எமிரேட்ஸ் 2000-இல் ஸ்கைவார்ட்ஸ் என்று தனக்கொன்று தொடங்கியது. பறந்தால்தான் மைல் என்ற காலம் போய், வங்கிக் கார்டில் சேரும் பாயின்ட்டையும் மைலாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனது. இங்கேதான் என் மனைவியின் மூளையைப் பாருங்கள். ஸ்கைவார்ட்ஸ் மைலுக்கு ஆயுள் மூன்று வருஷம்தான். எங்கள் கார்டின் பாயின்ட்டுக்கு அப்படி அவசரம் இல்லை. அதனால் பாயின்ட்டை வங்கியிலேயே தூங்கவிட்டு, சீட்டு கண்ணில் பட்ட பிறகுதான் மாற்றவேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்துவைத்திருந்தாள். மாற்றிவிட்டால் திருப்பி வாங்க முடியாது, விட்ட அம்பு மாதிரி.

சீட்டு கண்ணில் படுவதுதான் பாடு. மைலுக்கென்று ஒதுக்கும் முதல் வகுப்பு இடங்கள் கொஞ்சம். ஒன்று கிடைக்கும், இரண்டு கிடைக்காது. நான் ஒரு தடவை "நீ முன்னாடி போ, நான் அடுத்த வாரம் வரேன்" என்றேன். அவள் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. 2023 மார்ச்சில் ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும், இரண்டாம் ஷிப்ட் பையன்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், அவள் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க, இங்க வாங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் பெங்களூரு, துபாய், நியூயார்க். முதல் வகுப்பு. இரண்டு இடம். இரண்டு! ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மைல், வரியும் கட்டணமும் மட்டும் ரூபாயில். பாயின்ட்டை மாற்றும் பட்டனை அழுத்திவிட்டு, மைல் கணக்கில் வந்து சேரும்வரை நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குள் வேறு யாராவது எடுத்துவிட்டால்? மணிக்கொரு தரம் அந்தப் பக்கத்தைத் திறந்து 'இருக்கு, இருக்கு' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மைல் வந்தது. சீட்டும் இருந்தது. பதிவு எண் கைக்கு வந்தபோது பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அடுத்த வருஷம் பையனைப் பார்க்க நியூஜெர்சி போறோம்" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை ராத்திரி கிளம்பினோம். எங்கள் வீட்டிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் 75 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி வந்தால் மாநிலம் மாறிவிடும், பலகை எழுத்து மாறிவிடும், லாரிகள் மட்டும் மாறாது. அன்றைக்கு ரோட்டில் ஒரு விசேஷம். காதலர் தினத்துக்கு இரண்டு வாரம் இருந்ததல்லவா, தளி, பாகலூர், அமுதகொண்டப்பள்ளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து ரோஜா ஏற்றிக்கொண்டு குளிர்வண்டிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி முதல் வாரத்திலும் எங்கள் ஊர்ச் சிவப்பு ரோஜா விமானம் ஏறி வெளிநாடு போகும். அந்தச் சீசனில் பிறந்த ஊரைவிட்டுப் பறக்கிற பூக்களோடு பூவாக, தலையில் மல்லிகை வைத்த என் மனைவியும் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். கல்யாணமாகி 27 வருஷத்தில் நான் இப்படியெல்லாம் பேசியதில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

பெங்களூரின் இரண்டாம் முனையத்தை நீங்கள் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் திறந்தது, மறு வருஷம் செப்டம்பரில் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் அங்கே மாறிவிட்டன. கூரை முழுக்க மூங்கில், மேலேயிருந்து தொங்கும் செடிகள், உள்ளேயே தோட்டம். வழக்கமாக அந்த மாதிரி இடத்தில் நாம் நீண்ட வரிசையின் வால் எங்கே என்று தேடுவோம். அன்றைக்கு எங்களுக்கு வால் கிடையாது. தனிக் கவுன்ட்டர். பெட்டியில் முதல் வகுப்பு என்று பட்டை கட்டினார் ஒரு பையன். பெட்டிக்குள் எங்கள் பையனுக்குப் பிடித்த பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் இருந்தன. அந்தப் பட்டையை என் மனைவி விரலால் ஒரு தடவை நீவிப் பார்த்தாள்.

அப்புறம் கண்ணாடிக்கு வெளியே அது நின்றது.

நான் இருபத்தைந்து வருஷமாக இரும்போடு பழகுகிறவன். பெலகொண்டப்பள்ளி ஓடுபாதையில் சின்ன விமானங்கள் இறங்கி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். எலஹங்கா விமானக் கண்காட்சியும் பார்த்தாயிற்று. ஆனால் ஏ380-ஐ அத்தனை பக்கத்தில் பார்த்தபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. இரண்டு மாடி, மூக்கிலிருந்து வால்வரை. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குக் கிட்டத்தட்ட 80 மீட்டர். வால் 24 மீட்டர் உயரம், அதாவது எட்டு மாடிக் கட்டடம். முழுச் சுமையோடு கிளம்பினால் 575 டன்! நாலு எஞ்சின். ஒவ்வொன்றின் வாயிலும் எங்கள் பட்டறை ஜீப் நுழைந்துவிடும். எங்கள் பட்டறையில் பத்து மைக்ரான் தப்பினாலே சாமான் திரும்பி வந்துவிடும். அப்படியானால் இதற்குள் எத்தனை லட்சம் சாமான்கள், எத்தனை ஊர்களில், எத்தனை கைகள் அளந்து அளந்து கடைந்திருக்கும் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. இனி இதைச் செய்யமாட்டார்கள் என்பது இன்னொரு விஷயம். 2021-இல் உற்பத்தி நின்றுவிட்டது. விமான நிறுவனங்களுக்கு மொத்தமே 251தான் கொடுத்தார்கள், அதில் 123 எமிரேட்ஸுக்கு. அந்தப் பெரிய பறவை 2022 அக்டோபரில் முதல் தடவையாகப் பெங்களூருக்குத் தினசரி சேவையாக வந்தபோது டிவியில் பார்த்து, 'இதுல ஒரு நாள் போகணும்' என்றேன். "போவோம்" என்றாள் அவள். அப்போதே அந்த ஐந்தாவது கோட்டின் கூட்டுத்தொகை அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

விமானத்துக்குள் போகும் வழியே வேறு. மாடிக்கென்று தனிப்பாலம். வாசலில் நின்ற பெண் எங்கள் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். மேல்மாடி முன்பக்கத்தில் 14 அறைகள் மட்டும். சீட்டு என்று சொல்ல வாய் வரவில்லை, அறைதான். இழுத்துச் சாத்துகிற கதவு, கண்ணாடி, பக்கத்திலேயே குடிக்க வகைவகையாகப் பாட்டில் அடுக்கிய சின்ன அலமாரி, பெரிய திரை, ஒரு குவளையில் பூ. நடுவில் இருக்கும் இரண்டு அறைகளை நாங்கள் எடுத்திருந்தோம். இடைத்தடுப்பை இறக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம். ஜன்னல் இல்லாதது ஒன்றுதான் குறை என்று சொல்லலாம். அதையும் குறை என்று சொல்ல மனசு வரவில்லை, ஏனென்றால் விமானத்தின் வாலில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள், திரையில் அதைத் திறந்துவைத்தால் விமானத்தின் முதுகு முழுக்கத் தெரியும். ஓடுபாதை விளக்குகள் இரண்டு பக்கமும் மணிமாலை மாதிரி பின்னால் ஓட, அத்தனை எடையுள்ள பொருள் மெதுவாக, சத்தமே இல்லாமல், பஞ்சு மாதிரி எழும்பியதை அந்தத் திரையில் பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியைத் துபாய்க்குப் பாதி தூரம் போகும்வரை விடவில்லை.

குங்குமப்பூவும் ஏலக்காயும் மணக்கிற அரபுக் காபி சின்னக் கிண்ணியில் வந்தது, கூடவே பேரீச்சம்பழம். விளக்கை அணைத்தார்கள். அணைத்ததும் கூரையில் நட்சத்திரம்! குட்டிக் குட்டியாக, நிஜ வானம் மாதிரியே. மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்த காலம் ஞாபகம் வருது என்றாள். நாலு மணி நேரம், நாங்கள் ஒரு பொட்டுத் தூங்கவில்லை.

அந்தப் பூவைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேனே. குவளையிலிருந்த பூவை அவள் மெல்ல எடுத்து, காம்பைத் திருப்பி, இலை நறுக்கிய இடத்தைப் பார்த்தாள். எங்கள் பக்கத்து வீட்டம்மா பசுமைக்குடிலில் தரம் பிரிக்கிற வேலை செய்கிறவர், காம்பு நீளத்தை வைத்துத்தான் ரோஜாவுக்கு விலை என்று அவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் அந்தக் கண் வந்துவிட்டது. "நம்ம பாகலூர்ப் பூவா இருக்குமோ?" என்றாள். யார் கண்டது. இருக்கலாம். நான் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

துபாயில் ஏ380-க்கென்றே கட்டிய தனிப் பகுதி இருக்கிறது, 2013-இல் திறந்தது. அதில் முதல் வகுப்புக்காரர்களுக்கான ஓய்வுக்கூடம் கட்டடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீண்டு கிடக்கிறது. நேரம் இருக்கவில்லை, ஓடி ஓடிப் பார்த்தோம். அங்கிருந்தே நேராக விமானத்தின் மாடிக்கு வழி. வெளியே வரவேண்டியதே இல்லை.

இனிதான் அந்த 14 மணி நேரம். சாதாரண வகுப்பில் 14 மணி நேரம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை பையனைப் பார்க்கப் போனபோது என் மனைவி முட்டி வீங்கி, இறங்கியதும் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் காட்சி எனக்குள் முள்ளாகவே கிடந்தது. இப்போது கற்பனை பண்ணிப் பாருங்கள், அதே மனுஷி, கதவைச் சாத்திக்கொண்டு, மெத்தை விரித்த படுக்கையில், கால் இரண்டையும் முழுசாக நீட்டி, வெள்ளைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, இளையராஜா பாட்டு ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கிறாள்! நான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். தூங்கிவிட்டாளா, சௌகரியமாக இருக்கிறதா, குளிருகிறதா என்று. மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினாள். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் பகலில் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

சாப்பாடு நினைத்த நேரத்தில். மணி அடித்து வரிசையாகத் தட்டு வைக்கிற வேலை இல்லை, உனக்கு எப்போது பசிக்கிறதோ அப்போது சொல்லு என்கிறார்கள். மேஜை விரித்து, வெள்ளைத் துணி போட்டு, நிஜப் பீங்கான், நிஜக் கண்ணாடி. மீன்முட்டை கேவியர் வந்தது, அதற்கென்று முத்துச்சிப்பியில் செய்த கரண்டி. உலோகம் பட்டால் ருசி மாறிவிடுமாம். நான் அந்தக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என்ன மெருகு! உப்பு, கடல் வாசனை, நாக்கில் பட்டென்று உடைகிற சின்னச் சின்ன மணிகள். வெள்ளிக்கிழமையாதலால் அவள் சைவம். ஹம்முஸ், கத்தரிக்காய் மசியல், ஆலிவ், சுடச்சுட ரொட்டி என்று அரபு வகைகள் ஒரு மேஜை நிறைய அவளுக்கு வந்தன. "இந்தக் கத்தரிக்காயைச் சுட்டுத்தான் மசிச்சிருக்காங்க, நம்ம ஊர்க் கொத்சு மாதிரி" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். கைப்பையில் வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்த புளியோதரை நியூஜெர்சியில்தான் பிரிந்தது.

அப்புறம் பணிப்பெண் வந்து மெல்லக் கேட்டாள், "குளிப்பதற்கு எத்தனை மணிக்கு நேரம் ஒதுக்கட்டும்?" அடேயப்பா, அந்தக் கேள்வி! உலகத்தில் எத்தனை பேரிடம் எத்தனை விமானத்தில் கேட்டிருப்பார்கள் அந்தக் கேள்வியை! மேல்மாடியின் முன்முனையில், படிக்கட்டுப் பக்கத்தில், இரண்டு குளியலறைகள். ஆளுக்கு அரை மணி நேரம் அறை உங்களுடையது, அதில் ஐந்து நிமிஷம் வெந்நீர். ஐந்து நிமிஷமா என்று இழுக்காதீர்கள். அந்தத் தண்ணீர் மொத்தத்தையும் துபாயிலிருந்து சுமந்து வருகிறார்கள், ஒவ்வொரு லிட்டரையும் பறக்கவைக்க எரிபொருள் எரிகிறது. தண்ணீரின் அருமை ஓசூர்க்காரனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன்னால் எங்கள் தெருவில் டேங்கர் லாரி ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓடிய காலம் உண்டு. நாலு பேருக்கு இரண்டு பக்கெட், அதில் முகம் கழுவிய தண்ணீர் செடிக்கு. அந்தப் பயிற்சி அங்கே எப்படிக் கைகொடுத்தது தெரியுமா? குழாயை மூடினால் நேரம் நின்றுவிடும், எத்தனை தண்ணீர் மிச்சம் என்று விளக்கு காட்டும். என் மனைவி உள்ளே போனாள். சீயக்காய்த் தூள் கைப்பையில் இருந்தது, ஆனால் ஐந்து நிமிஷத் தண்ணீரில் அதை அலச முடியாது என்று கணக்குப் போட்டு அங்கிருந்த ஷாம்பூவையே எடுத்துக்கொண்டாளாம். ஒரு நிமிஷம் நனைத்து, மூடி, தேய்த்து, திறந்து, அலசி, மூடி, சோப்பு, மறுபடி திறந்து. எல்லாம் முடித்த பிறகு, "இன்னும் ஒண்ணரை நிமிஷம் மிச்சம் இருந்துச்சுங்க, சும்மா வெந்நீர்ல நின்னேன்" என்றாள். சும்மா வெந்நீரில் நின்றாள்! அதைக் கேட்டதும்தான் எனக்குக் கண் கலங்கியது. அதிகாலை நாலரைக்கு எழுந்து, மோட்டார் போட்டு, சமைத்து, கணக்கு எழுதி, பட்டறைக்கு டீ அனுப்பி, இருபத்தேழு வருஷமாக ஓடிக்கொண்டிருப்பவள், அட்லாண்டிக்குக்கு மேலே ஒன்றரை நிமிஷம் ஒரு வேலையும் இல்லாமல், எதையும் நினைக்காமல், வெந்நீருக்கடியில் சும்மா நின்றிருக்கிறாள்.

அடுத்து நான் போனேன். காலடியில் தரை வெதுவெதுப்பாக இருக்கிறது, சூடேற்றிவைத்திருக்கிறார்கள்! தடித் தடியாகத் துண்டுகள், மரமும் பித்தளை நிறமுமாகச் சுவர், பெரிய கண்ணாடி, அதில் 53 வயசு மனுஷன் ஒருவன் காதுவரை சிரித்துக்கொண்டு நிற்கிறான். குழாயைத் திறந்தேன். தலையில் வெந்நீர் கொட்டியது. மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை, வெளியே எலும்பை உறையவைக்கிற குளிர், தோளிலிருந்து ஆவி பறக்கிறது. விமானம் லேசாகக் குலுங்கியது, பக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டேன், தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப நேரானது. சத்தம் போட்டுச் சிரித்தேன். பாடவும் செய்தேன் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு நொடிகூட மிச்சமில்லை, ஐந்து நிமிஷத்தையும் அப்படியே குடித்துவிட்டேன்.

வெளியே வந்தால் அவள் காத்திருந்தாள். ஈரத்தலையை உதறிப் பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் மாடியின் பின்முனைவரை நடந்தோம், ஆமாம், விமானத்தில் காலாற நடந்தோம். அங்கே லாட வடிவில் ஒரு மதுக்கூடம், நின்றுகொண்டு பேசலாம். அவள் எலுமிச்சைச் சாறு வாங்கினாள், நானும் அதையே. ஜன்னலுக்கு வெளியே எல்லையில்லாத வெள்ளை மேகம். பணிப்பெண் உடனே அச்சாகும் கேமராவில் எங்களைப் படம் எடுத்து, சின்ன அட்டையில் வைத்துக் கொடுத்தாள். அந்தப் படம் இன்றைக்குப் பட்டறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அவள் தலை ஈரம் அதில் நன்றாகத் தெரியும்.

நியூயார்க்கில் இறங்கியபோது பிற்பகல். அவள் முட்டி வீங்கவில்லை. பையன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, நேரா வீட்டுலேருந்து வர மாதிரி இருக்கே!" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பத்து வருஷம் கார்டு தேய்ப்பேன். திரும்பி வந்தது சாதாரண வகுப்பில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வந்து சேர்ந்தோம்.

எங்கள் ஊரில் இதைக் கேட்டவர்கள் முதலில் கேட்பது, "அந்தப் பணத்துக்கு வேற ஏதாவது வாங்கியிருக்கலாமே?" என்பதுதான். வாங்கியிருக்கலாம்தான். அந்தப் பாயின்ட்டுக்குக் குக்கரும் மிக்சியும் பரிசுச்சீட்டும் தருவதாக வங்கி மாதாமாதம் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. எத்தனை நண்பர்கள் அப்படி வாங்கிப் பாயின்ட்டைத் தீர்த்திருக்கிறார்கள், எத்தனை பேருடையது கவனிக்காமலே காலாவதியாகிப் போயிருக்கிறது! நாங்கள் போய்வந்த பிறகு விதியும் கொஞ்சம் இறுகியிருக்கிறது. 2025 மே முதல், எமிரேட்ஸில் மைல் கொடுத்து முதல் வகுப்பு எடுக்க வெள்ளி அட்டையோ அதற்கு மேலோ வேண்டும். அதனால் என்ன, வெள்ளி அட்டைக்கு ஏறுங்கள், இல்லையென்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸைப் பாருங்கள். அவர்களுடைய ஏ380-இல் இரண்டு அறையைச் சேர்த்து இரட்டைப் படுக்கையே போடுகிறார்களாம், எங்கள் நீல நோட்டின் ஐந்தாவது கோடு இப்போது அந்தத் திசையில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

உங்களிடமும் எங்கோ ஒரு கணக்கில் மைலோ பாயின்ட்டோ தூங்கிக்கொண்டிருக்கும். இன்று ராத்திரியே திறந்து காலாவதித் தேதியைப் பாருங்கள். மிக்சி வாங்காதீர்கள். சீட்டு தேடும்போது பயணிகள் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் வரும், அதில் 2 என்று போடுங்கள்.